பத்தொன்பது கப்பல் வெங்காயம்

லண்டனின் ஓரத்து நோர்பரியில் எந்த வீட்டு வாசலில் எத்தனை பால் போத்தல் நிற்கிறது என்பது பால்காரனுக்குத் தெரியும். அவனுக்கு அடுத்தபடியாகச் சிவனேஸ்வரிக்குத் தெரியும். நான்கு பேர் என்று சொல்லி வாடகைக்கு வந்த தவமலரின் வாசலில் ஒரு திங்கட்கிழமை ஏழு போத்தல் நின்றது. வேறொருத்தி என்றால் "வீட்டில் எத்தனை பேர்?" என்று நேரே போய்க் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டு வந்திருப்பாள். சிவனேஸ்வரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"தவம், உங்கட வீட்டில பன்னிரண்டு பேராமே? பாவம், எல்லாரும் எங்க படுக்கினம்?"

"ஆரக்கா சொன்னது? எட்டுப் பேர்தான்!" என்று துள்ளினாள் தவமலர். துள்ளிய பிறகுதான் நாக்கைக் கடித்தாள்.

சிவனேஸ்வரியின் வித்தை இவ்வளவுதான். தெரியாததைக் கேட்கக் கூடாது. பிழையாகச் சொல்ல வேண்டும். மற்றவர் தாமாகவே திருத்தித் தருவார்கள். அறிந்ததைக் கொண்டுபோய் அவள் வாடகை வாங்கும் வீட்டுச் சொந்தக்காரனிடம் ஒருநாளும் சொன்னதில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். அறிந்துகொண்டால் போதும், அன்று அவளுக்குச் சாப்பாடு இறங்கும்.

அப்படிப்பட்டவளுக்கு 1989இல் லண்டன் நடுவே ஓர் அலுவலகத்தில் எண்ணெய்ச் செய்தி சேர்க்கும் வேலை கிடைத்தது என்றதும் ஊர் சிரித்தது. அதுவரை ஹவுன்ஸ்லோவில் விமானச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கியவள் அவள். அங்கே ஹாலோவே என்ற வெள்ளைக்காரர் வாரம் ஒருமுறை நான்கு பக்கத் தாள் ஒன்று அடித்தார். எண்ணெய் வியாபாரிகள் அதை விலை கொடுத்து வாங்கினார்கள். எந்த நாடு உண்மையில் எவ்வளவு எண்ணெய் ஏற்றியது என்பதைத் தவிர அதில் வேறொன்றும் இராது.

முதல் நாளே ஹாலோவே அவளுக்கு விளங்கப்படுத்தினார். எண்ணெய் நாடுகள் வியன்னாவில் கூடி, ஆளுக்கு இவ்வளவுதான் எடுப்பது என்று கையெழுத்து வைக்கும். சந்தைக்கு வருவது குறைந்தால் விலை நிமிரும். நிமிர்ந்ததும் ஒவ்வொரு நாட்டுக்கும் கை ஊறும். ஒப்புக்கொண்டதற்கு மேலே கொஞ்சம் ஏற்றி விற்கும். எல்லாரும் அதையே செய்ய, விலை படுத்துவிடும். பிறகு மறுபடி வியன்னா.

சிவனேஸ்வரிக்கு இது உடனே பிடிபட்டது. கந்தசஷ்டிக்கு எல்லாரும் சேர்ந்து விரதம் என்று கோயிலில் இருப்பதும், ஒவ்வொருவராக எழும்பி "இந்தா வாறன்" என்று குசினிப் பக்கம் போய் வாயைத் துடைத்துக்கொண்டு வருவதும் அவள் காணாததா? ஆர் எத்தனைதரம் எழும்பிப் போனது என்று பார்ப்பதற்குச் சம்பளம் தருகிறார்களாம்! அவள் மறுநாளே புதுச் சப்பாத்து வாங்கினாள்.

ஆனால் வேலை மூன்று மாதத் தவணையில்தான். பிடித்தால் நிரந்தரம், இல்லாவிட்டால் மறுபடியும் விமானத் தட்டு. மூன்றாம் மாதம் பாதியில் இடி விழுந்தது. அவள் பொறுப்பில் இருந்த வளைகுடா நாட்டில், துறைமுகத்திலிருந்து கணக்குச் சொல்லிவந்த முகவரை யாரோ வெருட்டியிருக்க வேண்டும். போன் எடுத்தால் வெயிலைப் பற்றி மட்டும் பேசினார்.

"வெள்ளிக்கிழமைக்குள் எண் வராவிட்டால் அந்தப் பத்தியையே நிறுத்திவிடுவேன்" என்றார் ஹாலோவே. பத்தி நின்றால் ஆளும் நிற்பாள் என்பதை அவர் சொல்லவில்லை. நல்ல மனிதர்.

அன்று வீட்டில் இடியப்பம் ஆறிக் கிடந்தது. "உன்ர வாய்க்கே ஒரு செய்தி அகப்படேல்லையோ?" என்று கணவன் குகதாசன் பகிடி விட்டார். அவள் சிரிக்காததைக் கண்டு பயந்து, அவரே தேத்தண்ணி ஊற்றினார்.

விடிய வாசலில் பால் போத்தலை எடுக்கக் குனிந்தவள் குனிந்தபடியே நின்றாள். கப்பலுக்குள்ளும் மனிசர்தானே இருக்கினம்? அவர்களும் சாப்பிட வேண்டாமா?

அலுவலகம் போனதும் துறைமுகத் தொலைபேசிப் புத்தகத்தைப் புரட்டி, கப்பல்களுக்கு அரிசி, காய்கறி கொடுக்கும் கடையைப் பிடித்தாள். எடுத்தவர் ஆங்கிலத்தில் "ஹலோ" என்றார். அந்த ஒரு ஹலோவிலேயே ஆள் தமிழர் என்று கண்டுகொண்டாள். பெயர் செல்லப்பன், தூத்துக்குடி. பத்து நிமிடத்தில் அவருடைய மூத்த பெண்ணின் சாதகம் வரைக்கும் வந்துவிட்டது. தான் லண்டனில் எண்ணெய்க் கப்பல் செய்தித்தாள் ஒன்றில் வேலை செய்வதையும் மறைக்காமல் சொன்னாள். அதற்குப் பிறகுதான் தூண்டிலைப் போட்டாள்.

"உங்களுக்கென்ன அண்ணை, இந்த மாதம் ஓய்வுதானே. பெரிய கப்பல் பத்துக்கூட வரேல்லையாம்."

"யாரும்மா சொன்னது?" செல்லப்பனுக்குக் குரல் ஏறியது. "வெங்காய மூட்டை தூக்கித் தூக்கி இடுப்பு போச்சு. பத்தொன்பது கப்பல்! பத்தொன்பதுக்கும் நான்தான் சாமான் ஏத்தினேன். நான் தூங்கி எத்தனை நாளாச்சு தெரியுமா?"

"ஐயோ பாவம்" என்றாள் சிவனேஸ்வரி. மனதாரத்தான் சொன்னாள். கையோ பத்தொன்பது என்று எழுதிக்கொண்டிருந்தது.

ஒரு பெரிய கப்பல் இருபது இலட்சம் பீப்பாய் கொள்ளும். வியன்னாவில் ஒப்புக்கொண்டபடி அந்த நாடு மாதத்தில் பதினைந்து கப்பல்தான் நிரப்பலாம். நான்கு கப்பல் குசினிப் பக்கம் போய் வந்திருக்கிறது.

ஹாலோவே தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது வெங்காயம். எண்ணெய் இல்லையே? சும்மா வந்து போன கப்பலாகவும் இருக்கலாம்."

"வெங்காயம் வாங்கவா ஜப்பானிலிருந்து கப்பலைக் கொண்டு வருவார்கள்?" என்று தன் ஆங்கிலத்தில் கேட்டாள் சிவனேஸ்வரி.

அவர் சிரித்தார். ஆனால் இன்னொரு வாய் சொல்லாமல் அச்சேற்ற மாட்டேன் என்றார். அந்த நாட்டின் எண்ணெய்ப் பிரதிநிதி லண்டனிலேயே இருக்கிறார், அவரிடம் எத்தனை கப்பல் என்று கேட்டுப் பார்ப்பதாகப் போனை எடுத்தார்.

"அப்படிக் கேட்காதீர்கள்!" அவள் கிட்டத்தட்டப் போனைப் பறித்தாள். "இருபத்தைந்தாமே, உண்மையா என்று கேளுங்கள்."

ஹாலோவே அப்படியே கேட்டார். அந்தப் பக்கத்துச் சத்தம் மேசைக்கு இப்பால் இருந்த சிவனேஸ்வரிக்கும் கேட்டது.

"அபாண்டம்! இருபத்தைந்தா? பத்தொன்பதுக்கு மேல் ஒன்றுகூட இல்லை!"

பிறகு போன் வைக்கப்பட்ட ஓசை.

ஹாலோவே அவளை நிமிர்ந்து பார்த்த பார்வையில் நிரந்தரம் எழுதியிருந்தது. காய்கறிக்காரரின் பெயரை மட்டும் கேட்டார். "சொன்னால் அடுத்த மாதம் அவர் வாய் திறக்க மாட்டார்" என்றாள் அவள். அவர் இரண்டாந்தரம் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை தாள் வந்தது. அன்று பின்னேரமே எண்ணெய் விலை கொஞ்சம் இறங்கியது. தன்னால்தான் இறங்கியது என்று சிவனேஸ்வரி இன்றைக்கும் நம்புகிறாள். கெடுப்பானேன்?

வேலை நிரந்தரமானதோடு சேர்ந்து வந்த சம்பள உயர்வை மட்டும் ஊருக்குச் சொல்வதில்லை என்று முடிவெடுத்திருந்தாள். கண்ணூறு பொல்லாதது. சனிக்கிழமை காலை, முகம் நிறைய அந்த இரகசியத்தோடு போத்தல் எடுக்க வெளியே வந்தாள். வேலிக்கு அங்கால் தவமலர் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, உங்கட வேலை போயிட்டுதாமே? திரும்பவும் ஹவுன்ஸ்லோவோ?"

"ஆரடி உனக்குச் சொன்னது?" சிவனேஸ்வரி போத்தலோடு துள்ளினாள். "நிரந்தரமாக்கி, கிழமைக்கு முப்பது பவுணும் கூட்டியிருக்கினம்!"

தவமலர் உடுப்புக்குக் கவ்வியைக் கொழுவினாள். உதட்டோரம் மட்டும் மெல்ல விரிந்தது. சிவனேஸ்வரி அதைப் பார்த்தாள், நாக்கைக் கடித்தாள், பிறகு தாங்கமாட்டாமல் தானும் சிரித்தாள்.

மத்தியானத்துக்குள் நோர்பரிக்கே அந்த முப்பது பவுண் தெரிந்துவிட்டது.