மௌன நேரத்தில் மழை

களத்துக்காரர் மரப்பலகையால் காப்பிக் கொட்டையை அன்று ஐந்தாவது முறையாகப் புரட்டினார். ஏழு நாள் வெயில் பட்டிருந்தது. ஒரு கொட்டையை எடுத்துக் கடித்துப் பார்த்தார். பல் இன்னும் லேசாகப் பதிந்தது. இரண்டு நாள் வெயில் அடித்தால் மூட்டை கட்டிவிடலாம்.

மூன்று மணிக்கு விருந்தாளிகள் வந்தார்கள். தோட்டத்துப் பங்களாவில் ஒரு வருடமாக இப்படி ஆட்கள் வந்து தங்குகிறார்கள். வாசலிலேயே போனை வாங்கிப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுவார்கள். போன் இல்லாமல் நாலு நாள் இருப்பதற்குத்தான் அவ்வளவு பணம். மூன்றிலிருந்து நான்கு வரை மௌன நேரம். அப்போது தோட்டத்தில் யாரும் பேசக்கூடாது, களத்தில் பலகை இழுக்கக்கூடாது, சமையலறையில் பாத்திரம்கூட உருளக்கூடாது. பதினோரு பேரும் களத்துக்கு நடுவே சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். தரை சுடாமலிருக்க அவர்களுக்கு விரித்துப் போட்டிருந்தவை கொட்டையை மூடுகிற தார்ப்பாய்கள். மௌனம் தொடங்குவதற்கு முன்னால், காப்பி வாசம் எப்படி வருகிறது பார் என்று ஒருவர் சொன்னார். காய்கிற கொட்டைக்கு வைக்கோல் வாசம்தான். அதை யாரும் அவரிடம் சொல்லவில்லை.

பத்து நாளைக்கு முன்னால் இதே நேரத்தில் தூறல் போட்டது. களத்துக்காரர் நாலு பேர் காதில் விழுகிற மாதிரி சத்தம் போட்டு ஆட்களைக் கூப்பிட்டு, அப்போது காய்ந்துகொண்டிருந்த கொட்டையை மூடிக் காப்பாற்றிவிட்டார். அதற்குக் கிடைத்தது மேனேஜரின் ஏச்சு. விருந்தாளி ஒருவர் பதறிப்போய் அறைக்குள் படுத்துவிட்டாராம். களத்துக்காரர் அவர் அறை வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டார். "இன்னொரு தடவை மௌன நேரத்துல உன் குரல் கேட்டுச்சுன்னா வீட்டைக் காலி பண்ணிட வேண்டியதுதான்" என்றார் மேனேஜர். வீடென்றால் தோட்டம் கொடுத்த ஒற்றை அறை. மகளின் பள்ளிக்கூடம் அங்கிருந்து நடக்கிற தூரம். பெரிய பரீட்சைக்கு ஆறு வாரம்தான் இருந்தது. பங்களாவில் சமையல் செய்கிற அவர் மனைவி அன்று ராத்திரி முழுக்கச் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: பரீட்சை முடியும்வரை வாயைத் திறக்காதீர்கள்.

மூன்றரைக்குக் காற்று திசை மாறியது. களத்துக்காரர் நிமிர்ந்து பார்த்தார். மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. கால்மணி நேரம்கூடத் தாங்காது. மேனேஜர் வண்டியை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போயிருந்தார். மற்ற ஆட்கள் கீழ்த்தோட்டத்தில் இருந்தார்கள், ஓடிப்போய்க் கூட்டிவர நேரமில்லை. பலகையைத் தொட்டால் சிமென்ட்டில் கிறீச்சென்று இழுக்கும். களத்துக்காரர் மண்டி போட்டுக் கைகளாலேயே கொட்டையை வாரிக் குவிக்க ஆரம்பித்தார். ஆறு பேர் பலகை வைத்துக் குவிக்கிற களம் அது. இரண்டு கையில் எவ்வளவு வாரமுடியும்?

எழுந்து, விருந்தாளிகளுக்கு மௌனப் பயிற்சி நடத்துகிற அம்மாவின் முன்னால் போய்க் கைகட்டி நின்றார். அந்த அம்மா கண்ணைத் திறக்கவில்லை. களத்துக்காரர் வாயைத் திறந்தார். மகளின் நினைப்பு வந்தது. மூடிக்கொண்டார். சமையலறை ஜன்னலில் மனைவியின் முகம் தெரிந்தது. வானத்தைக் காட்டினார். அவளும் பார்த்தாள், பார்த்துவிட்டுத் தன் வாயின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

மழை ஒரேயடியாகக் கொட்டியது. விருந்தாளிகள் துள்ளி எழுந்தார்கள். ஒருவரும் உள்ளே ஓடவில்லை. கைகளை விரித்துக்கொண்டு கொட்டைமேல் வெறுங்காலோடு ஆடினார்கள், சிரித்தார்கள், ஒருவர்மேல் ஒருவர் தண்ணீரை எற்றினார்கள். களத்துக்காரர் அவர்கள் கால்களுக்கு நடுவே தார்ப்பாயின் நுனியைத் தேடி இழுத்தார். அதன்மேலும் இரண்டு பேர் ஆடிக்கொண்டிருந்தார்கள். அவருக்கு அழுகை வந்தது. மழையில் யாருக்கும் தெரியவில்லை.

சாயங்காலம் மேனேஜர் களத்தைப் பார்த்துவிட்டு அவரைக் கூப்பிட்டார்.

"மழை வர்றது தெரியலையா உனக்கு?"

"தெரிஞ்சுதுங்க."

"அப்புறம் ஏன் சத்தம் போடல?"

"நீங்கதானே போடக்கூடாதுன்னு சொன்னீங்க."

"எதுக்குச் சொன்னேன், எந்த நேரத்துல சொன்னேன்னு யோசிக்க மாட்டியா? இருபத்திரெண்டு வருஷமா களத்துல நிக்கிற. ஊமையா நீ?"

பயிற்சி நடத்துகிற அம்மாவையும் கேட்டார்கள். அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எழுந்திருப்போமே" என்றார்.

வீட்டைக் காலி பண்ண நாலு நாள் தவணை கொடுத்தார்கள். பரீட்சைவரைக்குமாவது விடுங்கள் என்று மனைவி கெஞ்சிப் பார்த்தாள். அறை புதுக் களத்துக்காரனுக்கு வேண்டும் என்றார் மேனேஜர். வீட்டுக்கு வந்து பாத்திரங்களைச் சாக்கில் போடும்போது அவள் கணவனைப் பார்க்காமலே சொன்னாள்: "ஒரு கத்து கத்தியிருக்கக் கூடாதா?" அவர் சாக்கின் வாயைக் கட்டினார். மகள் புத்தகங்களைத் தனியாகக் கட்டிவைத்தாள்.

கிளம்புகிற அன்று காலையில் மேனேஜர் ஆள் அனுப்பினார். கறுத்துப்போன கொட்டையை இனி எவனும் வாங்கமாட்டான். ஆனால் முந்தின விருந்தாளிகள் ஊருக்குப் போய்ச் சொன்னதைக் கேட்டு, புதிதாக வந்தவர்களும் கொட்டைமேல் நடக்க ஆசைப்பட்டார்கள். புது ஆளுக்கு இன்னும் கை படியவில்லை. போவதற்கு முன்னால் கொஞ்சம் பரப்பிக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார். சம்பளக் கணக்கு முடித்து, வேலை பார்த்ததற்குக் கடிதம் தருகிறவர் மேனேஜர்தான் என்பதால் களத்துக்காரர் மறுக்கவில்லை. கால் புதைகிற கனத்துக்கு ஒரே சீராகப் பரப்பினார்.

ஒன்பது பேர் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினார்கள். வெயில் சுள்ளென்று அடித்தது. "இன்னிக்கு மழை வருமா?" என்று ஒரு பெண் ஆசையாகக் கேட்டாள். மேனேஜர் களத்துக்காரரைப் பார்த்தார். அவர் மேற்கே பார்த்துவிட்டு, "வராதுங்க" என்றார்.

அந்தப் பெண்ணின் முகம் வாடிவிட்டது. மேனேஜர் தோட்டத்துக் குழாயை இழுத்துவரச் சொல்லி, அதைக் களத்துக்காரர் கையில் கொடுத்தார்.

"மேல பாத்து அடி. மழை மாதிரி விழணும்."

அவர் குழாயின் வாயைக் கட்டைவிரலால் பாதி அடைத்து, உயரத் தூக்கிப் பிடித்தார். தண்ணீர் பொடிப்பொடியாகக் கொட்டைமேல் விழுந்தது. கேட்டுக்கு வெளியே சாக்கு மூட்டைகளுக்குப் பக்கத்தில் மனைவியும் மகளும் அவருக்காக நின்றுகொண்டிருந்தார்கள். போதும் என்று யாரும் சொல்லவில்லை.