வழியில் இறந்தவர்கள் பட்டியல்

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு வெள்ளானூர் மண்டபத்துக்கு நாற்பது பேர்கூட வந்திருக்கவில்லை. கரடிச்சோலை மலையிலிருந்து பிழைப்புக்காக இறங்கி ஆவடி, அம்பத்தூர்ப் பக்கம் தங்கிவிட்ட குடும்பங்கள் முந்நூறாவது இருக்கும். வந்தவர்கள் முதல் மூன்று வரிசைகளில் உட்கார்ந்திருந்தார்கள். குறும்பர்கள், பணியர்கள், கன்னடம் பேசுகிறவர்கள், மலையாளம் பேசுகிறவர்கள், இலங்கைத் தோட்டங்களை விட்டு வந்தவர்களின் பிள்ளைகள். மலையில் ஒரு கல்யாணப் பந்தியில்கூட ஒன்றாக உட்காராதவர்கள். மலைக்குத் தனி மாவட்டம் வேண்டும் என்பது ஒன்றுதான் அவர்களை ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்திருந்தது.

ஹேமாவதி கையில் காகிதங்களோடு மேடைக்குக் கீழே நின்றாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் பார்க்கிறவள். கையெழுத்து நன்றாக இருக்கும் என்று சங்கச் செயலாளர் தினகரன் அவளிடம் பட்டியல் எழுதும் வேலையைக் கொடுத்திருந்தான். கலெக்டர் ஆபீசும் பெரிய ஆஸ்பத்திரியும் மலைக்குக் கீழே, நாலரை மணி நேரப் பயணத்தில் இருந்தன. அங்கே போய்ச் சேருமுன் வண்டியிலேயே உயிர் விட்டவர்களின் பட்டியலை மனுவோடு வைத்தால், கோட்டையில் ஒருவராவது நின்று படிப்பார் என்று தினகரன் நம்பினான். இரண்டு மாதம் போன் போட்டுப் போட்டு நாற்பது பெயர்களைச் சேர்த்திருந்தாள். நாற்பத்தொன்றாவது பெயரை அன்று காலை பஸ்ஸில் வரும்போதுதான் எழுதினாள். நாகேந்திரன், வயது முப்பத்தெட்டு. அவள் கணவன்.

"பேரு, வயசு, ஊரு மட்டும் வாசிங்கக்கா. தப்பு இருந்தா சொந்தக்காரங்க சொல்லட்டும். நாளைக்கு மனு கொடுத்துட்டா அப்புறம் மாத்த முடியாது" என்றான் தினகரன்.

"பொன்னியம்மா, இருபத்தி நாலு வயசு, மேல்பாடி."

"இருக்கேன்."

பின்னாலிருந்து ஒரு பெண் குரல். சொந்தக்காரர் யாரோ, விவரம் சரிதான் என்கிறார் என்று நினைத்துக்கொண்டு பென்சிலால் ஒரு கோடு போட்டாள். அடுத்து மாதய்யா. "இத்தீனி" என்று கன்னடத்தில் பதில் வந்தது. குஞ்ஞிக்கண்ணன் என்றதும், "உண்டு" என்று இருமலோடு ஒரு கிழவர் குரல். சொந்தக்காரர்கள் அப்படிப் பதில் சொல்வது வழக்கமாகிவிட்டது போலிருக்கிறது என்று தலை நிமிராமலே வாசித்துக்கொண்டு போனாள். வரவர அவளுக்கு அது பிடித்துக்கூட இருந்தது. இரண்டு மாதமாகப் போனில் அழுகையாக மட்டுமே கேட்ட பெயர்களுக்கு இப்போது ஆள் இருப்பது போலிருந்தது.

"ரேஷ்மா, ஆறு வயசு, சுங்கம்."

"உள்ளேன் மிஸ்."

இரண்டாவது வரிசையில் ரேஷ்மாவின் அம்மா எழுந்து நின்றுவிட்டாள். அவள் பின்னால் திரும்பவில்லை. புடவைத் தலைப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஹேமாவதியையே பார்த்தாள். அப்போதுதான் ஹேமாவதியும் நிமிர்ந்தாள். மூன்று வரிசைக்குப் பின்னால் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகள் சுவர் வரைக்கும் காலியாகக் கிடந்தன.

மண்டபத்தைப் பார்த்துக்கொள்ளும் மனோகரன் வாசற்படியிலிருந்து உள்ளே எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா, பின்னாடி யாரு குரல் குடுக்கறது? ஒரு ஆளும் காணோமே. சேரெல்லாம் காலியாத்தான கீது?"

தினகரன் அவள் பக்கத்தில் வந்து நின்றான். "அக்கா, போதும். நிறுத்திக்கலாம்."

"வாசிம்மா" என்றாள் ரேஷ்மாவின் அம்மா. "பாதியில நிறுத்தாத."

ஹேமாவதி வாசித்தாள். ஒவ்வொரு பெயருக்கும் பதில் வந்தது. சிலர் உரக்க, சிலர் மூச்சு வாங்கிக்கொண்டு. குறும்பர் பேச்சில் ஒருவர் பதில் சொன்னபோது முன்வரிசைப் பெரியவர் ஒருவர் முகத்தை மூடிக்கொண்டார். நாற்பதாவது முடிந்தது.

"நாகேந்திரன். முப்பத்தெட்டு வயசு. கீழ்சோலை."

பதில் இல்லை.

மறுபடி கூப்பிட்டாள். மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும். மற்ற எல்லாரும் வந்திருக்கிறார்கள், இவர் மட்டும் வரவில்லை என்பது அவளுக்குத் தாங்க முடியாததாக இருந்தது. மூன்றாவது முறை கூப்பிட்டபோது பொன்னியம்மாவின் குரல் வந்தது.

"அவரு நடந்து வர்றாருக்கா. ஒம்பதாவது வளைவுல இறங்கிட்டாரே."

ஹேமாவதி காகிதத்தை மேசையில் வைத்தாள். ஆறு வருடமாக அவள் யாரிடமும் சொல்லாதது அது. ஆஸ்பத்திரிக்கு மலையிறங்கிய ஜீப்பில் அவள் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தவன், ஒன்பதாவது வளைவில் குனிந்த அவள் காதருகே வாய் வைத்து, "வண்டிய நிறுத்தச் சொல்லு, நா இறங்கிக்கிறேன்" என்றான். நேரமாகிவிடும் என்று அவள் நிறுத்தச் சொல்லவில்லை. டிரைவருக்குக்கூட அது கேட்டிருக்க வழியில்லை. பத்தாவது வளைவில் அவன் கை சில்லிட்டிருந்தது.

"அக்கா, எங்க போறீங்க?" என்று தினகரன் பின்னாலேயே வந்தான். அவள் திரும்பிப் பார்க்காமல் படியிறங்கி ரோட்டுக்கு வந்தாள். வெயிலில் கண் கூசியது. ஆவடியிலிருந்து ஒரு ஷேர் ஆட்டோ வந்துகொண்டிருந்தது. கையை நீட்டினாள்.

"எங்கம்மா போணும்?"

"எங்கயும் போகல. ஒருத்தர் நடந்து வந்துட்டிருக்காரு. கொஞ்ச நேரம் நிறுத்துங்க."

டிரைவர் அவள் முகத்தைப் பார்த்தான். இன்ஜினை அணைத்தான். உள்ளே இருந்த இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் நெருங்கி உட்கார்ந்து, ஓரத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டார்கள்.