பனி ஏரியில் நின்ற பிளிமத்

1

எஞ்சினே இல்லாத காரில், சாலையே இல்லாத இடத்தில், மணிக்கு நூறு மைல் வேகத்தில் நானும் என் அண்ணியும் போனோம்.

(முதல் வரைவில் நூற்று நாற்பது. என் எழுபத்து நான்கு வயதுக்கு மரியாதை கொடுத்துக் குறைத்திருக்கிறேன்.)

கதை பிறந்த காரணத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இது நடக்கவே இல்லை என்று அண்ணி லெம்பி ஊர் முழுக்கச் சொல்லிவருகிறார். அதனால் எழுதுகிறேன். எழுதும் பக்கங்களைச் சிவப்புப் பென்சிலோடு படிப்பவரும் அவரே. ஓரத்தில் அவர் எழுதுவதை நான் அழிக்கப்போவதில்லை.

[பென்சில்: ரெய்னோ, நீ முப்பது வருஷம் பனி தள்ளுற லாரி ஓட்டினவன். அதுவே இருபது மைலைத் தாண்டினதில்ல.]

2

வேறொரு தொடக்கம்: “அண்ணன் ஒன்னி இறந்த இரண்டாம் குளிர்காலத்தில் ஏரி வழக்கத்தைவிட...”

வேண்டாம். ஏரியில் தொடங்கினால் வாசகர் போர்த்திக்கொண்டு தூங்கிவிடுவார். காரில் தொடங்குகிறேன்.

1970ஆம் வருஷத்து பிளிமத். சின்ன உடம்புக்குள் ராட்சச எஞ்சினை அடைத்த மசில் கார். அண்ணன் மூன்று கோடை ஓட்டினார். பிறகு கொட்டகையில் நிறுத்திவிட்டு, “வர்ற கோடையில சரிபண்ணிடுறேன் லெம்பி” என்று முப்பத்தைந்து கோடை சொன்னார். அவர் போனதும், அண்ணி எஞ்சினைக் கழற்றிக் கொட்டகையில் போடச் சொல்லிவிட்டு, வெறும் வண்டிக்கூட்டைத் தீயணைப்புத் தொண்டர் சங்கத்துக்குக் கொடுத்துவிட்டார். ஒவ்வொரு குளிர்காலமும் சங்கத்துக்காக உறைந்த ஏரியின் நடுவே ஒரு பழைய காரை நிறுத்துவோம். எந்த நாளில் பனி உடைந்து அது மூழ்கும் என்று ஊரே சீட்டு வாங்கிப் பந்தயம் கட்டும். அந்த வருஷம் மூழ்க வேண்டியது அண்ணனின் பிளிமத்.

3

அதன் பின்சீட்டை மட்டும் நான் எடுத்துவந்து சவுனாவுக்கு, அதாவது எங்கள் நீராவிக் குளியலறைக்கு, வெளியே போட்டிருந்தேன். மார்ச்சில் ஒருநாள் உட்கார்ந்தபோது அடித்துணி கிழிந்து, சுருள்கம்பிக்குள்ளிருந்து மக்கிய தாள் ஒன்று விழுந்தது. வண்டியை உருவாக்கும்போது எதை எதை மாட்டவேண்டும் என்று தொழிற்சாலை ஆட்கள் பார்க்கும் தாள். வேலை முடிந்ததும் அங்கேயே செருகிவிடுவார்கள். அண்ணன் யாரிடமோ வாங்கிப் பின்னால் மாற்றிய எஞ்சின் என்றே எல்லோரும் நினைத்திருந்தோம். இல்லை, வண்டி பிறந்தபோதே அதுதான் என்றது தாள். அப்படிப்பட்ட வண்டி நாட்டில் இது ஒன்றே ஒன்றுதான்.

[பென்சில்: புளுகு.]

சரி. மிகச் சில.

சங்கத் தலைவர் வில்ஹோவிடம் ஓடினேன்.

“யோவ், ரெண்டாயிரம் சீட்டு வித்தாச்சு. இப்ப வந்து காரைக் குடுன்னா?”

“சீட்டுல ‘ஒரு கார்’னுதானே போட்டிருக்கு? என் ஸ்டேஷன் வேகனை நிறுத்திக்கோ.”

“அது ஓடுதேய்யா!”

“எஞ்சினைக் கழட்டினா ஓடாது.”

வில்ஹோ மேசை இழுப்பறையைத் திறந்து பார்த்தார். “வண்டிப் பத்திரம் இன்னும் ஒன்னி பேர்ல கெடக்கு. லெம்பி கையெழுத்துப் போட்டா எடுத்துக்கோ. சீக்கிரம். ஞாயித்துக்கெழமைக்கு மேல பனி தாங்காது.”

4

அண்ணி எங்கள் ஊர் வழக்கப்படி காப்பியில் பாலாடைக்கட்டித் துண்டை நனைத்துக்கொண்டிருந்தார்.

“கையெழுத்துப் போட மாட்டேன். அது தண்ணிக்குள்ள போறதை நான் கண்ணால பாக்கணும். என்னைக் கூட்டிட்டுப் போறேன்னு அவர் சொன்ன ஊரெல்லாம் அந்தக் கொட்டகையிலயே கெடந்து துருப்பிடிச்சுப் போச்சு.”

“அண்ணி, நான் ஓட வைக்கிறேன். வர்ற கோடை...”

சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டேன். அண்ணனின் வாக்கியம். அண்ணி என்னைப் பார்த்த பார்வையை எழுத மூன்று வரைவு ஆயிற்று; மூன்றையும் கிழித்துவிட்டேன். ஒன்றில் அவரை அழக்கூட வைத்திருந்தேன்.

[பென்சில்: அழல. காப்பி சூடு.]

கடைசியில் அவரே சொன்னார்: “ஒரு தடவை உள்ள உக்காந்துட்டு வந்துடறேன். அப்புறம் போகட்டும்.”

5

பனியின்மேல் கணுக்கால் அளவு தண்ணீர். அண்ணி ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். அண்ணன் ஒருநாளும் அவரை அங்கே உட்காரவிட்டதில்லை. நான் மறுபக்கக் கதவையும் திறந்துவைத்தேன். மேற்கிலிருந்து காற்று வந்தது.

இரண்டு கதவும் படகின் பாய்போல் விறைத்தன. கார் நகர்ந்தது. நான் பிடித்து நிறுத்தப் பார்த்தேன், பிறகு ஓடினேன், பிறகு பின்பக்க பம்பரில் தொங்கினேன். எதிரே ஏரியின் முடிவு. இடப்புறம் ஆற்றுவாய், உறையாத கறுப்புத் தண்ணீர். வலப்புறம் படகுத்துறை.

“அண்ணி! வலது பக்கம்! வலது பக்கம் ஒடிங்க!”

பின்கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தேன். அவர் கறுப்புத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரம்? ஐந்து நொடி இருக்கும். இதில் மட்டும் எனக்கு மிகைப்படுத்த மனம் வரவில்லை.

கார் வலது பக்கம் திரும்பியது. கரைச்சேற்றில் ஏறி நின்றது.

6

முடிவு என்னிடம் இல்லை. காற்று திரும்பியிருக்கலாம். சக்கரம் கோணியிருந்தது, தானாகவே இழுத்தது என்கிறார் வில்ஹோ. அல்லது ஒரு கை திருப்பியிருக்கலாம். மறுநாள் பத்திரத்தில் கையெழுத்து இருந்தது, காரணம் எழுதியிருக்கவில்லை. மூன்றில் ஒன்றை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள், வாசகரே. நான் பேனாவை...

[பென்சில்: நூறு மைல் பொய். பன்னெண்டு இருக்கும். மத்ததெல்லாம் நடந்தது. நான்தான் திருப்பினேன்.]