மூடியில் எழுதிய பெயர்

1

"டியூபை நீதான் மாத்தினே!"

"நான் எதுக்கு அண்ணி மாத்தணும்? அதுல எனக்கு என்ன லாபம்?"

"அதைத்தான் நானும் மூணு நாளா யோசிக்கிறேன்."

இந்தக் கதை எனக்குக் கிடைத்த இடம் எங்கள் குளியலறை ஜன்னல். ஒட்டுக்கேட்கவில்லை, குழாயை மூடினேன், காதில் விழுந்தது. (பாதிக் குளியலில் குழாயை ஏன் மூடினாய் என்று கேட்பவர்கள் படிப்பதை இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம்.) கத்துகிறவள் பக்கத்து வீட்டு ஆராய்ச்சிக்காரி. பதில் சொல்கிறவள் அவள் நாத்தனார், அண்ணியின் சிபாரிசில் அதே ஆய்வகத்தில் உதவியாளர்.

2

'பட்டுப்புழுவின் உடம்புக்குள் ஒரு தையல்கடை, அங்கே விடிய விடிய' என்று முதலில் தொடங்கினேன். அடித்துவிட்டேன். சண்டை நடக்கிற வீட்டில் கவிதை என்ன வேண்டிக்கிடக்கிறது?

நாத்தனார் ஒருமுறை எனக்கு விளக்கியதையே சொல்கிறேன். புழுவின் பட்டுச் சுரப்பியில் டி.ஆர்.என்.ஏ. என்று ஒன்று உண்டு. புரதம் கட்டச் சாமான் தூக்கிக் கொடுக்கிற ஆள். பிறக்கும்போது நீளமாக இருக்கும். இரண்டு முனையையும் நறுக்கினால்தான் வேலைக்கு ஆகும். நியூக்ளியோசைடு போலி என்கிற மருந்து, அசல் சரக்கு மாதிரியே வேஷம் போட்டு அதற்குள் புகுந்துவிடும். புகுந்தால் நறுக்கல் கெட்டுப்போகும் என்பது அண்ணியின் மூன்று வருட ஆராய்ச்சி.

மருந்து குடித்த புழு, குடிக்காத புழு இரண்டின் சாற்றையும் தனித்தனி டியூபில் எடுத்துச் சோதித்தார்கள். சோதனைப் படத்தில் வந்ததோ தலைகீழ். மருந்து குடித்த புழுவில் எல்லாம் கச்சிதம். மருந்தே காணாத புழுவில் நறுக்காமல் நீளநீளமாகக் கிடக்கிறது. டியூபை யார் மாற்றியது என்று திங்கட்கிழமை ஆய்வகத் தலைவருக்குச் சொல்லியாக வேண்டும். அண்ணி யார் பெயரைச் சொல்கிறாளோ, அந்த ஆளுக்கு வேலை போகும்.

3

நாத்தனாரை வில்லியாக்கத்தான் நினைத்தேன். மெதுவாகப் பேசுகிறவர்களை நான் நம்புவதில்லை. அப்போது பார்த்து அவளே குரலை உயர்த்திவிட்டாள்:

"பேரை டியூப் மேல எழுதுங்கன்னு எத்தனை தடவை சொன்னேன்? மூடியில எழுதினா, ரெண்டையும் சேர்த்துத் திறக்கும்போது..."

"எனக்கே பாடம் எடுக்கிறியா?"

கதவு படாரென்று மூடியது. எனக்கோ போன மாதம் அந்த வீட்டில் குடித்த டீ ஞாபகம் வந்தது. ஒரே உப்பு. சர்க்கரை, உப்பு டப்பா இரண்டுக்கும் அண்ணி மூடியில்தான் பெயர் எழுதுவாள். "ஐயோ, மூடியை மாத்திப் போட்டிருக்கேன்!" என்று அவளே சிரித்தாள்.*

4

முதல் முடிவு: நான் கதவைத் தட்டி டீ விஷயத்தைச் சொல்கிறேன். அழகான முடிவு. ஆனால் சண்டை உனக்கெப்படித் தெரியும் என்று கேட்டால் ஜன்னலைச் சொல்ல வேண்டும். தட்டவில்லை.

இரண்டாவது முடிவு: அண்ணிக்குத் தானே உறைத்து, தலைவரிடம்

(இல்லை. அப்படி நடக்கவில்லை.)

நாத்தனாருக்கு வேலை போனது. ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரைக் கட்டிக்கொண்டு வெளியூர் போய்விட்டாள். அண்ணி பட்டம் வாங்கி வீட்டையும் மாற்றிக்கொண்டு போனாள். போகும்போது, "உங்களுக்கு உதவும், வச்சுக்குங்க" என்று அந்த இரண்டு டப்பாக்களையும் என்னிடம் கொடுத்தாள்.

மூடிகள் சுத்தமாகத் துடைக்கப்பட்டிருந்தன. சர்க்கரை, உப்பு என்று டப்பாவின் உடம்பில் எழுதியிருந்தது, அண்ணியின் கையெழுத்துதான். எழுதியது அந்தத் திங்கட்கிழமைக்கு முன்பா, பின்பா? நீங்களே சொல்லுங்கள். நான் ஜன்னலைச் சாத்திவிட்டேன்.

* அதற்கு முந்தின நாள், உதவி செய்கிறேன் பேர்வழி என்று அவர்கள் சமையலறையில் அந்த டப்பாக்களை மூடி வைத்தது நானாகவும் இருக்கலாம். அதை யாரும் கேட்கவில்லை.