ஒரே கரண்டி

இருபத்தாறு வருஷமாகப் பள்ளிக்கூடத்தில் சமைக்கிறவள் நான். இருநூற்றுப் பத்துப் பிள்ளைகளுக்கு ஒரே பானை, ஒரே கரண்டி. கரும்பு வெட்டுகிறவன் பிள்ளைக்கும் சர்க்கரை ஆலை மேஸ்திரி பிள்ளைக்கும் அதே சோறு, அதே பீன்ஸ். அது ஒத்துக்காது, இது ஒத்துக்காது என்று தட்டை நகர்த்துகிற பிள்ளையைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "வீட்ல செல்லம் குடுத்துக் கெடுத்து வெச்சிருக்காங்க" என்று சொல்லி ஒரு கரண்டி கூடவே வைப்பேன். என் சமையலால் ஒரு பிள்ளைக்கும் ஒன்றும் ஆனதில்லை. அந்தத் திமிர்தான் என் தம்பியைக் கொண்டுபோனது.

தம்பி பெயர் வால்டெமிர். பதினாறு வயதிலிருந்து கரும்புக் காட்டு வெயிலில் வெந்தவனுக்கு, நாற்பதைத் தாண்டுவதற்குள் இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. நாலு வருஷமாகச் செவ்வாய், வியாழன், சனி நகராட்சி வேனில் ஏறி டயாலிசிஸுக்குப் போய் வந்தான். ஒரு நாளைக்கு மூன்று டம்ளர் தண்ணீர்தான் அவனுக்கு. அவன் மனைவி கிளேவ்சா அதைப் பாட்டிலில் ஊற்றி, பேனாவால் கோடு போட்டு வைத்திருப்பாள். அவர்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஆஸ்பத்திரிக் காகிதம் ஒன்று ஒட்டியிருந்தது. வாழைப்பழம் கூடாது, ஆரஞ்சு கூடாது, தக்காளி கூடாது, இளநீர் கூடாது, பீன்ஸை வேகவைத்த தண்ணீரை இரண்டு தடவை கொட்ட வேண்டும் என்று முப்பது வரி. கடைசி வரி மட்டும் சிவப்பு மையில்: நட்சத்திரப் பழம் தொடவே கூடாது.

என் வீட்டுக் கொல்லையில் நிற்பது அந்த மரம்தான். நான் அந்த வரியைப் படித்தேன். படிக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். உலகத்தில் இருக்கிற எல்லாவற்றையும் கூடாது என்று எழுதிவைத்த ஒரு காகிதத்தில் அதுவும் ஒன்று என்று நினைத்தேன். கிளேவ்சாவுக்கு 'வார்டன்' என்று பெயர் வைத்தவளும் நான்தான்.

என் சிறுநீரகத்தைத் தருகிறேன் என்று நானாகத்தான் போய் நின்றேன். பரிசோதனை முடிந்து பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் எங்கள் இருவரையும் உட்காரவைத்தார். "கூடப் பொறந்தவங்கள்ல நாலுல ஒருத்தருக்குத்தாம்மா இப்படி அச்சா பொருந்தும். ஆனா உங்க பிரஷர் நூத்தறுபதுக்கு நூறு இருக்கு. இதோட எடுத்தா, அப்புறம் நீங்களும் அந்த டயாலிசிஸ் நாற்காலியிலதான் உக்காரணும். ஆறு மாசத்துல எறக்கிட்டு வாங்க."

இறக்கினேன். உப்பை விட்டேன். தினமும் ரயில்வே கேட் வரை நடந்து திரும்பினேன். பக்கத்து வீட்டு ஒஃபேலியா சத்தியம் பண்ணிச் சொன்னதால், காலையில் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் நட்சத்திரப் பழச் சாறு. பழம் இல்லாத மாதத்துக்கு ஃப்ரீசரில் பழக்கூழ் வைத்திருந்தேன். பதினோரு கிலோ குறைந்தது, பிரஷர் நூற்றிருபதுக்கு எண்பது என்று வந்தது. டாக்டர், உப்பை விட்டதும் நடந்ததும்தான் காரணம் என்றார். உனக்கென்னய்யா தெரியும், என் மரத்தைப் பார்த்தாயா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். மார்ச் பத்தொன்பதாம் தேதி அறுவை சிகிச்சை என்று எழுதிக் கொடுத்தார்கள்.

அதற்குப் பத்து நாள் முன்னால், ஞாயிற்றுக்கிழமை, தம்பியை மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டேன். கிளேவ்சாவுக்கு பேக்கரியில் வேலை. அவனை வாசலில் இறக்கிவிட்டு ஒரு டப்பாவையும் அந்தப் பாட்டிலையும் என் கையில் தந்தாள்.

"அண்ணி, டப்பாவுல இருக்கிறது மட்டும்தான். தண்ணி இந்தக் கோடு வரைக்கும்."

"சரிங்க வார்டனம்மா."

அவள் சிரிக்கவில்லை.

அன்றைக்கு அடித்த வெயிலில் நாய்கூட நிழலை விட்டு அசையவில்லை. உப்பில்லாத கோழியையும் வெளிறிப்போன பீன்ஸையும் தின்று முடித்துவிட்டு, தம்பி என் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான். பனிக்கட்டி போட்டிருந்தேன்.

"அது என்னக்கா, மஞ்சளா?"

"என் மருந்துடா. இதாலதான் பிரஷர் எறங்குச்சு."

"நம்ம மரத்துதா? அவ கொன்னுருவா என்னய."

"அவ கெடக்கா. டாக்டர் என்ன சொன்னாரு? நம்ம ரெண்டு பேருக்கும் அச்சாப் பொருந்துதுன்னாரா இல்லையா? இன்னும் பத்து நாள்ல என்னோடதுதான் உன் வயித்துக்குள்ள இருக்கப் போவுது. அது ஆறு மாசமா இதக் குடிச்சுத்தான் பழகியிருக்கு. எனக்கு ஆவறது உனக்கு ஆவாமப் போவுமா?"

அவன் சிரித்தான். "வர்ற விருந்தாளிக்கு இப்பவே சமைச்சுப் போடுறியா?" என்று கேட்டுவிட்டு ஒரே மூச்சில் குடித்தான். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தான். பிறகு அவனே டம்ளரை நீட்டினான். மறுபடி ஊற்றினேன்.

சாயங்காலம் விக்கல் பிடித்தது. கைக்குழந்தைக்கு விக்கல் வந்தால் சிவப்பு நூலை எச்சில் தொட்டு நெற்றியில் ஒட்டுவோம். என் மகன் ஜுவாரெஸ் தையல் பெட்டியிலிருந்து நூல் எடுத்துவந்து மாமன் நெற்றியில் ஒட்டி, போட்டோ எடுத்தான். "பாப்பாவுக்குத் தொட்டில் கட்டுங்க" என்றேன். எல்லாரையும் விட அதிகமாகச் சிரித்தவள் நான். நெற்றியில் நூலோடு, விக்கிக்கொண்டே வீட்டுக்குப் போனான்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு கிளேவ்சா போன் செய்தாள்.

"விடிய விடிய விக்கல் அண்ணி. இப்ப வாந்தி எடுக்குறாரு. சட்டையக் கால்ல மாட்டப் பாக்குறாரு. அங்க என்ன சாப்ட்டாரு?"

சாறு என்று சொன்னால் ஆஸ்பத்திரியில் போய்ச் சொல்வாள், சாப்பாட்டுக் கட்டுப்பாடு இல்லாதவன் என்று பத்தொன்பதாம் தேதியைத் தள்ளிவைத்துவிடுவார்கள். அந்தப் பயம்தான். பிரஷரை இறக்க நான் பட்ட பாடு வீணாகிவிடுமே என்ற பயம்.

"நீ குடுத்த டப்பாவுல இருந்ததுதாம்மா. வேற ஒண்ணும் இல்ல."

ஊர் ஆஸ்பத்திரியில் வயிற்றுக் கோளாறு என்று ஊசி போட்டுப் படுக்கவைத்தார்கள். நான் போனபோது என்னை எங்கள் அம்மா பெயர் சொல்லிக் கூப்பிட்டான். நாலு மணிக்கு வலிப்பு வந்தது. அதன் பிறகுதான் சிறுநீரக டாக்டர் வந்தார். விக்கல் என்ற சொல்லைக் கேட்டதும் நிமிர்ந்து பார்த்தார்.

"நட்சத்திரப் பழம் ஏதாவது சாப்ட்டாரா?"

"எங்க வீட்டு வாசப்படியக்கூட அது தாண்டுனதில்ல டாக்டர்" என்றாள் கிளேவ்சா. "ஒவ்வொரு வாயும் நான் அளந்து குடுக்குறது."

"என் வீட்டுல குடிச்சான்" என்றேன். "நேத்து மதியம். ரெண்டு டம்ளர்."

டாக்டர் திட்டவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நர்ஸைக் கூப்பிட்டுக்கொண்டே ஓடினார். அந்தப் பழத்தில் இருக்கிற விஷத்தை என் உடம்பு சிறுநீரில் தள்ளிவிடுகிறது. அவனுக்குத் தள்ள வழியில்லை, அது மூளைக்கு ஏறிவிட்டது. இதையெல்லாம் பிறகு சொன்னார்கள். திங்கள் சாயங்காலம் ஆறு மணி நேரம் டயாலிசிஸ் செய்தார்கள், மறுநாளும் செய்தார்கள். புதன்கிழமை பதினொரு மணிக்குப் போய்விட்டான்.

"காலையிலயே சொல்லியிருந்தா?" என்று டாக்டரிடம் கேட்டேன்.

"வாய்ப்பு இருந்திருக்கும்" என்றார். கிளேவ்சா பக்கத்தில்தான் நின்றாள்.

மரத்தை வெட்டச் சொன்னான் மகன். பழத்தின் மேல் என்ன குற்றம்? ஒஃபேலியா இன்னும் வந்து பறித்துக்கொண்டு போகிறாள், அவளுக்கு ஒத்துக்கொள்கிறது. பள்ளிக்கூடத்தில் ஏதாவது பிள்ளை தட்டை நகர்த்தினால் நான் கரண்டியைக் கீழே வைத்துவிடுகிறேன். மார்ச் பத்தொன்பதாம் தேதி காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருந்தேன், அறுவை சிகிச்சைக்கு ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தபடி.

அதற்கு அடுத்த வாரம் கிளேவ்சா வந்தாள். அடக்கத்துக்குப் பிறகு என்னோடு ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. வாசலிலேயே நின்றாள்.

"ரெண்டாவது டம்ளர் நீங்களா ஊத்துனீங்களா, அவரு கேட்டாரா?"

"அவனேதான் நீட்டுனான்."

"ஐஸ் போட்டிருந்தீங்களா?"

"போட்டிருந்தேன்."

தலையை ஆட்டினாள். "நாலு வருஷத்துல ஒரு நாள்கூடத் தாகம் தீரக் குடிச்சதில்ல அவரு. கோடு போட்டவ நான்தான்." மரத்தைப் பார்த்தாள். "இதக் கேட்டதால மன்னிச்சிட்டேன்னு நெனச்சுக்காதீங்க."

"நெனைக்கல."

படியிறங்கி, கேட்டைத் திறந்தவள் திரும்பினாள்.

"இப்ப பிரஷர் எவ்வளவு இருக்கு அண்ணி?"

"நூத்திருபதுக்கு எம்பது."

"நல்லா இருங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.