எதுக்கும் இருக்கட்டும்

முந்நூறு டன் பாரத்தை மேகத்துக்கு மேலே ஏற்றுகிற விமானக் கேப்டனுக்கு எரிபொருள் தீர்ந்துவிடுமோ என்று சதா ஒரு பயம். கம்பெனி கணக்குப் போட்டுக் கொடுக்கும் எரிபொருளில், இறங்க முடியாவிட்டால் வட்டமடிக்கவும் வேறு ஊருக்குத் திரும்பவும் சேர்த்தே இருக்கும். மனுஷருக்கு அது போதாது. "இன்னும் ரெண்டு டன் போடுங்க, எதுக்கும் இருக்கட்டும்" என்பார். இருபத்தாறு வருஷத்தில் ஒரு நாளாவது அது தேவைப்பட்டதா? கிடையவே கிடையாது!

அன்று அவர் மனைவியும் ஊழியர் குடும்பத்துக்கான சலுகை டிக்கெட்டில் அதே விமானத்தில் ஏறி உட்கார்ந்திருந்தாள். மறுநாள் காலை, விமானம் போய் இறங்கும் ஊரில் மகளுக்குப் பட்டமளிப்பு விழா. அடுத்த விமானம் இரண்டு நாள் கழித்துத்தான்.

மதியம் வெயில் கொளுத்தியது. சூட்டில் காற்று லேசாகிவிட்டால் பாரமான விமானம் எழும்பாது. எடைக் கணக்குப் பார்க்கும் பெண் காக்பிட்டுக்குள் தலையை நீட்டினாள்.

"ரெண்டு டன் அதிகம் சார். உங்க எக்ஸ்ட்ரா எரிபொருள விட்டுட்டா எல்லாரும் போகலாம். இல்லேன்னா சலுகை டிக்கெட் இருபது பேரையும் பெட்டியோட இறக்கணும்."

"அங்க வானம் பளிச்சுனு இருக்கு சார்," என்றான் துணை விமானி. "உள்ளதே தாராளம். மேடம் வேற இருக்காங்க..."

கேப்டன் வானிலை அறிக்கையை மூன்றாம் முறை படித்தார். பேருக்கு ஒரு மேகம்கூட அகப்படவில்லை. சரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். பாழாய்ப்போன பழக்கம் முந்திக்கொண்டது.

"எரிபொருள் இருக்கட்டும்."

மனைவி கைப்பையை அணைத்தபடி படியிறங்கிப் போவது ஜன்னலில் தெரிந்தது. அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

பதினான்கு மணி நேரம் கழித்து விமானம் அலுங்காமல் இறங்கியது. துணை விமானி எரிபொருள் அளவைப் பார்த்துவிட்டு, "ரெண்டு டன்னைச் சுமந்து வந்ததுக்கே முக்கால் டன் காலி சார்" என்றான்.

விழா அரங்கில் அவர் பக்கத்து நாற்காலி காலியாகக் கிடந்தது. பட்டம் வாங்கி வந்த மகள் முகம் கொடுத்துப் பேசாமல் போனை நீட்டினாள்.

"உங்க ரெண்டு டன்னும் சௌக்கியமா வந்து சேர்ந்துச்சா?" என்றாள் மனைவி.

அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "முக்கால் டன் வழியிலேயே தீர்ந்துபோச்சு."

"அடப் பாவமே! மிச்சத்தையாவது என் நாற்காலியில உக்கார வைங்க."