வடித்த அன்னாசி

என் மனைவி வெர்னா செத்த பிறகு வந்த முதல் ஈஸ்டருக்கு, அவள் வழக்கமாகச் செய்யும் ஹம்மிங்பேர்டு என்ற பழக் கேக்கை நானே சுட்டேன். எழுபத்தாறு வயதில் முட்டை உடைக்கப் பழகினேன் என்றால் அதற்குக் காரணம் என் மகள் டார்லா. நவம்பரில் அம்மாவைப் புதைத்துவிட்டு அட்லாண்டாவுக்குப் போனவள் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஈஸ்டருக்கு முந்தின வாரம்தான் போன் செய்தாள்.

"ஈஸ்டருக்கு வரேன். அம்மா செய்யிற கேக் இருக்குமா?"

"இருக்கும்" என்று சொல்லிவிட்டேன். அந்த ஒன்றைச் சரியாகச் செய்தால் மறுபடியும் வருவாள் என்று நினைத்தேன்.

வெர்னாவின் தகரப் பெட்டியில் கேக் பக்குவம் எழுதிய சீட்டு இருந்தது. அவள் கைப்பட எழுதியது. எழுத்துக் கூட்டித்தான் நான் படிப்பேன். கனிந்த வாழைப்பழம் நாலு, பீக்கன் பருப்பு ஒரு கோப்பை, பட்டைத் தூள், அன்னாசித் துருவல் ஒரு டப்பா, சாறு வடித்தது.

சனிக்கிழமை காலை வெர்னாவின் தங்கை ஓபல், மறுநாள் விருந்துக்குப் பன்றித் தொடை கொண்டுவந்தாள். நான் அன்னாசியைச் சல்லடையில் போட்டு அமுக்கிக்கொண்டிருந்தேன்.

"ஏன் ஹோலிஸ், அது உனக்கு என்ன பாவம் பண்ணிச்சு? இப்படிப் புழியற! சாறையும் சேர்த்து ஊத்துய்யா."

"சீட்டுல வடிக்கணும்னு இருக்கு."

"சீட்டு கிடக்குது. அது சர்ச்சுல கேக்கிறவளுங்களுக்குக் குடுக்க எழுதினது. எங்கக்கா எவளுக்காவது முழுசா சொல்லியிருக்காளா?"

"நீ மட்டும் சொல்லிடுவியாக்கும்? முப்பது வருஷமா சர்ச் விருந்துல அவ கேக்கு காலியாச்சு, உன் கேக்கு மிஞ்சிச்சு. இப்ப கெடுக்க வந்துட்ட."

"செத்துப்போனவகூட எனக்கு என்னய்யா போட்டி? எப்படியோ போ."

எங்கள் பக்கத்தில் எந்தப் பெண்ணும் கேக் பக்குவத்தை முழுசாகக் கொடுக்கமாட்டாள். சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுப்பாள், ஒன்றை மட்டும் மாற்றிவிடுவாள். இது எனக்கும் தெரியும். தெரிந்துதான் ஓபலைச் சந்தேகப்பட்டேன். பெண்டாட்டியின் சீட்டைச் சந்தேகப்படத் தோன்றவில்லை. வடித்த சாற்றை நானே குடித்துவிட்டு மாவைக் கலந்தேன். கரண்டி நட்டால் நிற்கும்போல இருந்தது. அதுதான் பதம் போல என்று அடுப்பில் வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தோம். மூன்று அடுக்கு, மேலே வெள்ளைக் கிரீம், சுற்றிலும் பீக்கன். டார்லா அதைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்படியே அம்மா வெச்ச மாதிரியே இருக்குப்பா."

ஒரு வாய் போட்டாள். மென்றாள். மென்றுகொண்டே இருந்தாள். பிறகு தேநீரை எடுத்துக் குடித்து இறக்கினாள்.

"வறண்டு கிடக்கு. சித்திகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"கேக்காமலே சொன்னேன்டி. உங்கப்பன் நம்பலை" என்றாள் ஓபல்.

டார்லா முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

"யாரை நம்பியிருக்கீங்க? அம்மா வயிறு வலிக்குதுன்னு அழுதப்ப நம்புனீங்களா? டாக்டருங்க எல்லாம் திருடனுங்கன்னு சோடா உப்புத் தண்ணி கலக்கிக் குடுத்து, மூணு மாசம் வீட்டுலயே வெச்சிருந்தீங்களே."

நான் வேறு ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். வாயில் வந்தது இதுதான்: "இல்லடி, சீட்டு உங்கம்மா கையெழுத்து. அதை நம்பித்தான் செஞ்சேன்."

"எழுதி வெச்சா நம்புவீங்க. வாயால சொன்னா?"

அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

ஈஸ்டர் விருந்துக்கு வந்தவர்கள் யாரும் எங்கள் ஊரில் வெறுங்கையோடு போவதில்லை. ஓபல் அவசரமாக ஒரு தட்டில் இறைச்சியும் பீன்ஸும் வைத்து, அலுமினியத் தாள் சுற்றிக் காருக்கு ஓடினாள். டார்லா அவளைக் கட்டிப்பிடித்தாள். தட்டை வாங்கவில்லை.

"கிறிஸ்துமஸுக்கு வருவியா?" என்று கேட்டேன்.

கண்ணாடியை ஏற்றிவிட்டாள். கார் தெருக்கோடியில் திரும்பும்வரை ஓபல் தட்டோடு நின்றாள்.

"உள்ள கொண்டு வை" என்றேன்.

"நீயே வந்து எடுத்துக்க" என்று அதைப் படியில் வைத்துவிட்டு அவளும் போய்விட்டாள்.